வேட்டைநாள் கணக்குநாளான வரலாறு

ஒரு சமுதாயம் தன் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழிக்கிறது என்பதைக் கொண்டு அதன் உள்ளத்தை ஓரளவு அளந்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டுப்புறங்களில் கிறிஸ்துமஸ் திருநாளன்று ஒரு வழக்கம் இருந்துவந்தது. ஆடவர் இரு அணிகளாகப் பிரிந்து, துப்பாக்கி ஏந்திக் காடு கழனிகளுக்குள் புகுவர். கண்ணிற்பட்ட பறவைகளையும் சிறு விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவர். பொழுது சாய்ந்ததும் இரு அணியினரும் தத்தம் குவியலை எண்ணுவர். எவருடைய குவியல் பெரிதோ அவரே வென்றவர். பசிக்காக அன்று, போட்டிக்காக நிகழ்ந்த கொலை அது.

நகரங்களிலோ வேறு வகையில் கேடு சூழ்ந்தது. பறவைகளின் இறகுகளையும், சில வேளைகளில் பதப்படுத்திய முழுப் பறவையையுமே தொப்பியில் சூடிக்கொள்வது அக்காலப் பெண்டிரின் நாகரிகமாக இருந்தது. 1886ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்னும் இளைஞர், நியூயார்க் நகரின் கடைத்தெருக்களில் நடந்தவாறே 700 தொப்பிகளைக் கணக்கிட்டார். அவற்றுள் 542 தொப்பிகளில் இறகுகள் இருந்தன. அவற்றில் 40 வகைப் பறவைகளை அவர் இனங்கண்டார்.

1864ஆம் ஆண்டில் பிறந்த சாப்மன் கல்லூரியில் பயின்றவர் அல்லர். வங்கிப் பணியைத் துறந்து, பறவையியலைத் தாமே கற்றுத் தேர்ந்து, 1888ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியேற்றார். 1899ஆம் ஆண்டில் ‘பேர்ட் லோர்’ என்னும் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு டிசம்பர் இதழில் அவர் வெளியிட்ட வேண்டுகோள்தான் வரலாற்றில் நிலைத்துவிட்டது. திருநாளன்று காட்டுக்குச் செல்லுங்கள். ஆனால் பறவைகளைக் கொல்லாமல் எண்ணி, அந்தக் கணக்கை எழுதி அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், காற்றின் திசை, குளிரின் அளவு, பனியின் நிலை ஆகியவற்றையும் குறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாப்மன் வேட்டையாடியோரைப் பழித்து ஒதுக்கவில்லை. அவர்கள் விரும்பிய குளிர்கால நடையும் நண்பர் கூட்டமும் எண்ணிக்கைப் போட்டியும் அப்படியே இருக்கட்டும் என விட்டு, எண்ணப்படும் பொருளை மட்டும் மாற்றினார். இறந்தவற்றை எண்ணிய கை, உயிருள்ளவற்றை எண்ணத் தலைப்பட்டது.

குளிர்காலமும் இதற்குத் துணை நின்றது. இலையுதிர்ந்த மரங்களில் பறவைகள் மறைவின்றித் தென்படும். பல இனங்கள் தெற்கே சென்றுவிடுவதால், எஞ்சியிருக்கும் சிலவற்றைப் புதிதாகப் பழகுவோரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்த முதல் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். ஏறத்தாழ 90 இனங்களைச் சேர்ந்த 18,500 பறவைகள் கணக்கில் வந்தன.

அதே 1900ஆம் ஆண்டில், புகைப்படக் கருவியின் துணைகொண்டு பறவைகளை ஆராய்வது பற்றிய நூல் ஒன்றையும் சாப்மன் வெளியிட்டார். அதுவரை, ஒரு பறவையின் இனத்தை ஐயமின்றி அறிய அதைச் சுட்டுக் கையிலெடுத்துப் பார்ப்பதே அறிஞர்களின் வழக்கம். சாப்மனும் அவ்வாறே பயின்றவர்தாம். கனத்த கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று பறவைக்காகக் காத்திருப்பது எளிதன்று. எனினும் அந்தப் பொறுமை, பறவையைக் கொல்லாமலேயே அதன் உருவைக் கைக்கொள்ளும் வழியைத் திறந்தது. 1934ஆம் ஆண்டில் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட பறவைக் கையேடு, தொலைவிலிருந்தே இனங்காணும் முறையைப் பொதுமக்களுக்கும் உரியதாக்கியது.

எல்லாப் பறவைகளுக்கும் இந்த மாற்றம் காலத்தில் வந்து சேரவில்லை. ஒருகாலத்தில் வானை மறைத்துப் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மடிந்தது. வலசைப் பறவைகளைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் 1918ஆம் ஆண்டில்தான் பிறந்தது.

ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தக் கணக்கு பின்னாளில் அறிவியலுக்குச் சான்றாவணமாயிற்று. 1970ஆம் ஆண்டுக்குப்பின் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, இக்கணக்கையும் பிற பதிவுகளையும் ஆராய்ந்தே அம்முடிவுக்கு வந்தது. எண்ணி வைத்தவர் இல்லையெனில், இழந்தது இவ்வளவு என்று சொல்வாரும் இலர்.

வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிய பறவைகள் கோலசிலாங்கூர் கடலோரத்திற்கும் சிங்கப்பூரின் சுங்கை பூலோவுக்கும் ஆண்டுதோறும் வந்து தங்குகின்றன. அவற்றை எண்ணுவதற்கும் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் உற்று நோக்கும் கண்ணும் ஒரு மாணவனிடம் இருந்தால், அவனும் அந்த வரலாற்றில் ஒரு வரி எழுதலாம்.