நாலணாக் காலத்து வைத்தியம்

தண்டவாளத்தில் ஆணியை வைத்து, அதன்மேல் ரயில் ஏறிப்போனால் ஆணி காந்தமாகிவிடும் என்று எங்கள் தெருப் பையன்கள் நம்பினோம். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. கரண்டு ரயிலுக்குச் சக்தி அதிகம் என்பது எங்கள் கணக்கு. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் காத்துக் கிடப்போம். நசுங்கிய ஆணி ஒரு குண்டூசியைக்கூட இழுத்ததில்லை.

அந்த வயதில்தான் நான் ஒரு நாலணாவை விழுங்கினேன். பாட்டி பதறவில்லை. "ரெண்டு வாழப்பழம் குடு, தானா வந்துடும்" என்றாள். வந்தது. பழத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. தொண்டையில் சிக்காமல் வயிற்றுக்குள் இறங்கிய நாணயம் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். பாட்டி கண்டறிந்த உண்மை அது.

அந்த உண்மைக்கு 1983-ல் ஒரு விதிவிலக்கு பிறந்தது. ஜப்பானில் மசாதோ சாகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தை அறிவித்தார்கள். மிளகளவு இருந்தாலும் அசுர பலம். முதலில் மோட்டாருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போனது, பிறகு விலை குறைந்து பொம்மைக்குள் வந்தது.

இதில் ஒன்றை விழுங்கினால் நாணயம்போலப் போய்விடலாம். இரண்டு போனால் கதையே வேறு. குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் இன்னொரு மடிப்பில் மற்றொன்றும் இருந்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடற்சுவரில் ரத்தஓட்டம் நின்று, திசு அழுகி, ஓட்டை விழும். வெளியே தெரிவது வயிற்றுவலியும் வாந்தியும்தான். "அஜீரணமா இருக்கும், ஓமத் தண்ணி குடு" என்போம். அந்தத் தாமதம்தான் ஆபத்து.

2005-ல் அமெரிக்காவில் பொம்மையிலிருந்து உதிர்ந்த காந்தங்களை விழுங்கி ஒரு குழந்தை இறந்தது. பிறகு பரவிய காந்த உருண்டைகளுக்கு 2014-ல் அங்கே கட்டுப்பாடு வந்தது. 2016-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் புதிய விதி போட்டார்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் அந்த உத்தரவு 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளுக்குத்தான். 'பெரியவர்களுக்கு' என்று அச்சிட்டால் அதே உருண்டை வேறு பொருளாகிவிடுகிறது.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மேஜையில் அதைப் பார்த்தேன். 216 உருண்டைகள் கொண்ட கனசதுரம். எண்ணினோம், இரண்டு குறைந்தது. வீட்டில் மூன்று வயதுப் பையன். "ஏதாவது சாப்பிடக் குடுக்கலாமா?" என்றார் அவன் அம்மா. வேண்டாம், எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போகலாம் என்றேன். இரண்டு கோணத்தில் படம் எடுத்தார்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு ஒரே கோணத்தில் ஒன்றாகத் தெரியலாம். வயிற்றில் எதுவும் இல்லை. உருண்டைகள் மறுநாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டியிருந்தன.

பாட்டி இருந்திருந்தால், வாழைப்பழத்தைத்தான் எடுத்து வந்திருப்பாள். அவளைக் குறைசொல்ல மாட்டேன். அவள் காலத்துக் குழந்தைகள் விழுங்கியது நாலணா.