சோதனை யாருக்காக? மன்னார்க் கரையின் ஒரு வரலாறு

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று இலங்கையை எட்டியபோது, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியைச் செலுத்தி மாதிரி எடுக்கும் பரிசோதனை மன்னார் மாவட்டத்து ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. சோதனைக்கு உடன்படுவது ஒவ்வொருவரின் சமூகக் கடமை என்று கூறப்பட்டது. கடமைதான், அதில் ஐயமில்லை. ஆயினும், சோதனைக்கு மக்கள் தயங்கினால் அத்தயக்கத்துக்கு ‘அறியாமை’ என்று பெயர் சூட்டிவிட்டு அப்பால் நகர்வது படித்தவர்களின் வழக்கமாகிவிட்டது. மன்னார்க் கரையின் வரலாறோ வேறொரு விடையைத் தருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்குக் கூலி தேடித் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தோணியிலே தலைமன்னார்க் கரையில் இறங்கி, மன்னாரைக் கடந்து, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் பெரியம்மையும் பசியும் அவ்வழியில் பெருந்தொகையினரை மாய்த்தன. அவர்கள் தோட்டங்களுக்குத் தேவைப்பட்டனர். எனினும் வழியில் வீழ்ந்தவர்களைக் காப்பதற்குப் போதிய ஏற்பாடு எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை.

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் நிலைமை மாறிற்று. தொழிலாளியின் உயிரைக் குறித்து எழாத அச்சம், நோய் நாட்டுக்குள் நுழைந்து வர்த்தகத்தைக் குலைத்துவிடுமோ என்பதைக் குறித்து எழுந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்துத் தொடங்கியது. இவ்வழியே வந்த தொழிலாளருக்காக இலங்கை அரசு கடலுக்கு அக்கரையில், இந்திய மண்ணிலே, மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாமை நடத்தியது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சில நாட்கள் அங்கே நிறுத்தப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர்.

கொக்கிப் புழுவின் கதை இங்கே சிந்திக்கத்தக்கது. அந்தப் புழு, மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுவது. இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது. 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனத்தினர் இலங்கைத் தோட்டங்களில் இதற்கு எதிராகப் பணிபுரிந்தனர். மருந்தால் புழு வெளியேறியது. ஆனால் போதிய மலகூடங்கள் இல்லாத லயங்களில் வாழ்ந்தவர்களை அது மீண்டும் பற்றிக்கொண்டது. தொழிலாளியின் உடலைச் சோதிக்க முன்வந்தவர்கள், அவன் வாழும் இடத்தைச் சோதிக்க அத்துணை ஆர்வம் காட்டவில்லை. ஏனெனில் முன்னதில் உழைப்பு கிடைத்தது. பின்னதில் பணம் செலவாயிற்று.

சோதனைக்கு வேறொரு முகமும் உண்டு. 1934-35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்கள் கண்டது கொசுவை மட்டுமன்று. காய்ச்சலுக்கு முன்பே மக்களை வாட்டியிருந்த பட்டினியையும் கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதில் அந்த அனுபவத்துக்குப் பங்குண்டு.

பின்னர் மலேரியாத் தடுப்புப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிலே பூசி, நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். கிருமி காணப்பட்டவருக்கு மருந்து வீட்டுக்கே வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் அத்தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் தொடங்கிய பணி போர்க்காலத்திலும் வடபகுதியில் முற்றாக நின்றுவிடவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், நகர்ப்புறக் கிணறுகளில் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓயாத கண்காணிப்பின் அவசியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இத்தகைய அனுபவமுள்ள கரைக்குத்தான் கொரோனாச் சோதனை வந்தது. பி.சி.ஆர். என்பது, மாதிரியில் உள்ள வைரசின் மரபுப் பொருளைப் பல கோடி மடங்காகப் பெருக்கி, அதன் இருப்பைக் காட்டும் முறை. நோய்க்குறி தோன்றாதவரிடமும் அது தொற்றைக் காட்டக்கூடும். ஆனால், அன்றாடம் கடலுக்குச் சென்றாலன்றி அடுப்பு எரியாத வீட்டுக்குப் ‘பதினான்கு நாள் வெளியே வராதே’ என்னும் முடிவு எத்தகையது? 2020 ஏப்ரலில் வருமானமிழந்த குடும்பங்களுக்கு அரசு வழங்கிய 5,000 ரூபாய் எத்தனை நாளைக்குப் போதும்? சோதனையின் செலவை அரசு ஏற்றது. சோதனை முடிவின் செலவை ஏழையே பெரும்பாலும் சுமந்தான்.

இதனினும் கொடிது ஒன்று நடந்தது. கொரோனாவால் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், இலங்கை அரசு 2020 ஏப்ரலில் தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலத்தின் பின் மன்னாருக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். இருமலைச் சொன்னால் சோதனை, சோதனையில் தொற்று, தொற்றில் மரணம், மரணத்தின் பின் தம் மார்க்கம் விலக்கிய நெருப்பு. இவ்வாறு எண்ணிய ஒருவர் நோயை மறைக்க நினைத்தால், குற்றம் அவருடையதா?

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அரசு முதலில் தேர்ந்த இடம், மன்னார்த் தீவுக்கு வடக்கேயுள்ள இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, நெடும் போராட்டத்தின் பின் 2018இல் தம் தீவை மீட்ட கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்து எழுந்தனர். ஈற்றில் கிழக்கே ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. துயருற்ற ஓர் ஏழைச் சமூகத்தின் சுமையை மற்றோர் ஏழைச் சமூகத்தின் நிலத்தில் இறக்கிவைத்து, இரண்டையும் மோதவிடும் தந்திரம் பழையது. 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரிந்த உடல்களுக்கு அது காலங்கடந்த செய்தி.

மண்டபத்துச் சோதனையும் மலேரியா இரத்தத் துளியும் நமக்கு இரு வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, மக்களை ஆபத்தாகக் கருதி வாயிலில் நிறுத்துவது. மற்றொன்று, மக்களைத் தேடிச் சென்று மருந்தோடு நிற்பது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் ஆசிரியர்களும் மாணவர்களும் சோதனையின் அவசியத்தை ஊருக்கு எடுத்துச் சொல்லட்டும். அதே குரலில், தனித்திருக்கும் நாட்களுக்குக் கூலியும், இறந்தோருக்கு அவரவர் முறைப்படி மரியாதையும் வேண்டுமென அரசிடம் கேட்கட்டும். இவ்விரண்டும் உறுதியானால், சோதனைக்குத் தயங்குவோரைத் தேடிப் பிடிக்க வேண்டியிராது.