நிலவில் இராமன் பெயர்

கோல சிலாங்கூர் மெலாவத்திக் குன்றின்மேல் பிறை காணும் நிலையம் ஒன்று உண்டு. நோன்பு தொடங்கும் நாளை அறிய, அதிகாரிகள் அங்கிருந்து மேல்வானை நோக்குவர். அவர்கள் தேடும் அந்நிலவில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரின் பெயரும் நிலைபெற்றுள்ளது. அவர் சர் சி. வி. இராமன்.

நிலவின் வடமேற்கில், புயற்கடல் எனப்படும் கருஞ்சமவெளியில், சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள குழி ஒன்று இருக்கிறது. விண்கல் மோதியதால் உண்டானது அது. வளர்பிறைத் துவாதசியை அடுத்த இரவுகளில் தொலைநோக்காடி கொண்டு அதனைக் காணலாம்.

1651இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி, நிலவின் குழிகளுக்கு அறிஞர் பெயர்களைச் சூட்டினார். அவ்வழக்கமே இன்றும் தொடர்கிறது. ஆயினும் சிறு குழிகளுக்குத் தனிப்பெயர் கிட்டவில்லை. பக்கத்துப் பெருங்குழியின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அவற்றைக் குறித்தனர். தோட்டத்துக் காடுகளை எண்ணிட்டு அழைப்பது போன்றதே இது. இராமன் குழியும் முன்னர் 'ஹெரோடோட்டஸ் டி' என்றே வழங்கியது. 1976இல் அனைத்துலக வானியல் சங்கம் அதற்குத் தனிப்பெயர் அளித்தது.

இப்பெயரை இதிகாச இராமனோடு மாணவர் மயங்குதல் கூடும். சமயச் சார்புடைய பெயர்களைச் சங்கம் ஏற்பதில்லை. பெயருக்கு உரியவர் மறைந்து மூன்றாண்டுகளேனும் கழிந்திருக்கவேண்டும் என்பதும் விதி. இராமன் மறைந்தது 1970இல்.

இச்சிறப்புக்கு அவர் செய்தது யாது? ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது அதன் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதை 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். நிறமாற்றத்தின் அளவு பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆகவே பொருளின் தன்மையை அதனால் அறியலாம். அப்போலோ வீரர்கள் கொணர்ந்த நிலவுக் கற்களையும் அம்முறையால் ஆராய்ந்துள்ளனர். நிலவை அறியத் துணைசெய்தவர் பெயரை நிலவே தாங்குவது பொருத்தமன்றோ?

பெயர் என்பது வெறும் அடையாளமன்று. நினைவைக் காக்கும் பெட்டகம். வட சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. மலேசியத் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பெயர் நிலைத்தாலும் அதன் காரணத்தைச் சொல்வோர் இல்லையேல், அது வெற்றொலியாய்விடும். நிலவின் இராமனுக்கும் தோட்டத்துப் பெயர்களுக்கும் இது பொதுவிதி. காரணத்தைச் சொல்லும் பொறுப்பு ஆசிரியருடையது.