ஊதச் சொன்னா என்ன அளக்குறாங்க?

சமீபத்துல ஒரு நண்பன் ராத்திரி போன் பண்ணினான். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியா சேலம் போயிட்டிருந்தவனை எலவனாசூர்கோட்டை பக்கத்துல நிறுத்தி, ஊதச் சொல்லியிருக்காங்க. கேஸ் போட்டாச்சு. "மச்சான், ஒரு பீர்தான்டா. இதுலேர்ந்து எப்படி வெளிய வர்றது?"

நான் வக்கீல் இல்ல, வரலாறு படிக்கிறவன். ஆனா அவன் கேட்ட கேள்விக்கான பதில் வரலாற்றுல இருக்கு. அதுவும் அவன் நின்ன அதே ரோட்ல.

1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசு மதுவிலக்கை முதல்ல சேலம் மாவட்டத்துல கொண்டு வந்தது. எலவனாசூர்கோட்டை அப்போ தென்னார்க்காடு மாவட்டம். அங்க இன்னும் மதுவிலக்கு வரல. அதாவது இந்த ரோட்ல மேற்கே போய் சின்னசேலத்தைத் தாண்டி ஆத்தூர் பக்கம் நுழைஞ்சா, இந்தப் பக்கம் குற்றமில்லாத குடி அந்தப் பக்கம் குற்றம். 1948-க்குள்ள மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அந்தச் சட்டத்துக்கு ஒரே கேள்விதான்: குடிச்சியா, இல்லையா?

வண்டிச் சட்டம் கேட்டது வேற கேள்வி. 1939-ல வந்த மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியைச் சரியா கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை இருந்தாத்தான் குற்றம். அந்த 'அளவை' யார் சொல்றது? போலீஸ்காரர் மூக்கும் டாக்டர் கண்ணும்தான். வாய்ல வாடை வருதா, நடை தள்ளாடுதா, பேச்சு குழறுதா? "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்று டாக்டர்கள் சான்றிதழ் எழுதுற வழக்கம் இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல பொறந்ததுதான்.

1971-ல, தமிழ்நாட்டுல கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளி வெச்ச அதே வருஷம், மகாராஷ்டிராவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் முக்கியமான விஷயம் சொன்னது. வாடை, தள்ளாட்டம், குழறல், விரிஞ்ச கண்மணி இதெல்லாம் மட்டும் வெச்சு ஒருத்தர் குடிச்சிருக்கார்னு முடிவு பண்ண முடியாது. ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ செஞ்சிருக்கணும். இந்தத் தீர்ப்பை இன்னிக்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுறாங்க.

அளக்குற கருவி அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. அமெரிக்காவுல இண்டியானா மாநில போலீஸ்ல இருந்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-ல மூச்சை வெச்சு அளக்குற பிரெத்தலைசரை உருவாக்கினார். பிரிட்டன் 1967-ல 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம்னு வரம்பு வெச்சது. நம்ம 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 185-வது பிரிவுல, 1994 திருத்தம் 30 மில்லிகிராம்னு எழுதுச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டுமே. மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டுமே.

இன்னொரு அளவும் உண்டு. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு நடத்துன வழக்குலதான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ல சொன்னது. 2017 மார்ச் 31-ல, 20,000 பேருக்கு மேல இல்லாத ஊர்களுக்கு அதை 220 மீட்டரா குறைச்சது. 2003-லிருந்து சில்லறைக் கடையை நடத்துறதே அரசோட டாஸ்மாக். கடைக்கு மீட்டர் கணக்கு, ஓட்டுறவனுக்கு மில்லிகிராம் கணக்கு.

சரி, நண்பனுக்கு வருவோம். சட்டம் அவனுக்குத் தர்ற பாதுகாப்பு என்ன? வாடை வந்துச்சுன்னு மட்டும் சொன்னா போதாது, அளவு இருக்கணும். ரீடிங்கைப் பார்க்கணும், சீட்டை வாங்கி வெச்சுக்கணும். வாரண்ட் இல்லாம கைது பண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பரிசோதனை நடக்கணும். நடக்கலன்னா விட்டுடணும்னு 202-வது பிரிவே சொல்லுது. ஊத மாட்டேன்னு அடம்பிடிச்சா தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க. தக்க காரணம் இல்லாம மறுத்தா, அந்த மறுப்பையே போலீஸ் தரப்புக்குச் சாதகமா கோர்ட் எடுத்துக்க 205-வது பிரிவு இடம் கொடுக்குது.

எல்லாம் சொல்லிட்டு, முதல்லயே கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில கேட்டேன். "ரீடிங் எவ்வளவுடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "68."

வரம்பைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. ஒரு பீர் கதை அதோட முடிஞ்சுது. "கோர்ட்டுக்குப் போ, வக்கீலைப் பாரு, அது உன் உரிமை. கருவி சரியா இருந்துச்சா, நடைமுறை சரியா நடந்துச்சான்னு கேளு. எல்லாம் சரின்னா ஒத்துக்கோ"ன்னு சொன்னேன். அவனுக்குக் கோபம். ரெண்டு நாள் பேசல.

வெறும் வாடையை வெச்சு ஒரு அப்பாவி மேல கேஸ் போடக் கூடாதுன்னுதான் இந்த எண் வந்தது. அந்த ராத்திரி டீ குடிச்சிட்டு எலவனாசூர்கோட்டையில ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போன யாரோ ஒருத்தரைக் காப்பாத்துனதும் அதே எண்தான். அவங்க யாருன்னு என் நண்பனுக்குத் தெரியாது. அவங்களுக்கும் இவனைத் தெரிய வேண்டிய நிலைமை வரல. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு அவன் யோசிச்சிருப்பான்னு நம்புறேன்.