வீட்டைக் காக்கும் தற்காப்புரிமை

வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவர், திருட வருபவர், தீ வைக்க முனைபவர் ஆகியோரை வீட்டில் இருப்பவர் பலத்தைப் பயன்படுத்தித் தடுப்பதற்குச் சட்டம் தரும் உரிமை. இந்தியாவில் 1862 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதை வரையறுத்தன. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இருக்கின்றன. தன் வீட்டுக்குள் வந்தவனை என்ன செய்தாலும் கேள்வி கிடையாது என்ற நம்பிக்கை நம்மிடையே பலருக்கு உண்டு. சட்டம் அப்படி எங்கும் சொல்லவில்லை. பொருளைக் காக்க ஓர் அளவும், உயிரைக் காக்க வேறோர் அளவும் வைத்திருக்கிறது. இதன் வரலாறு முழுவதும் அந்த இரண்டு அளவுகளுக்கு இடையில்தான் நகர்ந்திருக்கிறது.

பழைய சட்டங்கள் பல இந்த வேறுபாட்டைப் பொழுதை வைத்துப் பிரித்தன. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியரின் பன்னிரண்டு பட்டயச் சட்டத்தில், இரவில் திருட வந்தவனைக் கொல்வது குற்றமில்லை. பகலில் வந்தவன் ஆயுதத்தோடு எதிர்த்தால்தான் கொல்லலாம். கன்னமிடும்போது பிடிபட்ட திருடன் அடிபட்டுச் செத்தால் பழியில்லை, சூரியன் உதித்தபின் என்றால் பழியுண்டு என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம். மனுஸ்மிருதி பொழுதைப் பார்க்காமல் வருபவனின் நோக்கத்தைப் பார்த்தது. ஆததாயி என்று அது அழைக்கும், கொல்லப் பாய்ந்து வருபவனைக் கொல்வது அதன்படி குற்றமாகாது. இருட்டில் வந்தவன் கையில் என்ன இருக்கிறது, அவனோடு எத்தனை பேர், அவனுக்கு வேண்டியது நகையா உயிரா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. இரவுக்குக் கிடைத்த சலுகை உண்மையில் அந்த அச்சத்துக்குக் கிடைத்த சலுகை.

இங்கிலாந்தில் 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கு, ஒருவருடைய வீடே அவருடைய கோட்டை என்ற கொள்கைக்குப் பிறப்பிடமாகக் காட்டப்படுகிறது. அங்கே எழுந்த கேள்வி, கடனுக்காகப் பொருள்களைக் கைப்பற்ற வரும் ஷெரீப் கதவை உடைக்கலாமா என்பதுதான். கொள்ளையடிக்க வந்தவனைக் கொல்வது குற்றமாகாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்புரையில் இடம்பெற்றதால், பின்னாளில் அது வீட்டுத் தற்காப்புக்கும் மேற்கோளாகிவிட்டது.

இந்தியாவுக்கு இந்தச் சட்டத்தை எழுத்தில் வடித்தவர் மெக்காலே. அவர் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் வரைவை அளித்தது. கொள்ளைக் கூட்டங்களுக்கு இந்நாட்டு மக்கள் எதிர்ப்பே காட்டாமல் பணிந்துபோகிறார்கள், அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டும் என்பது வரைவுக் குறிப்பில் ஆணையம் வெளியிட்ட கருத்து. அதில் ஆள்வோரின் ஏளனம் இருக்கிறது. ஆனால் விளைந்த சட்டம் குடிமக்களுக்குப் பரந்த உரிமையையே தந்தது. அது சட்டமானது 1860இல், நடைமுறைக்கு வந்தது 1862இல்.

அதன் மையம் 103ஆம் பிரிவு. வீட்டைக் காக்க எதிராளியின் உயிரையே எடுக்க நேர்ந்தாலும் குற்றமில்லாத சூழல்கள் நான்கு என்றது அது: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் சேமித்து வைத்திருக்கும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றுக்குத் தீ வைத்தல், தடுக்காவிட்டால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சக்கூடிய நிலையில் நடக்கும் திருட்டு, சேதம், அத்துமீறல். இந்த நான்கில் அடங்காத வெறும் திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் 104ஆம் பிரிவு: தடுக்கலாம், அடிக்கலாம், ஆனால் கொல்லும் உரிமை இல்லை. பட்டப்பகலில் கொல்லைப்புறத்தில் மாங்காய் பறித்து ஓடும் பையனும், நள்ளிரவில் கடப்பாரையோடு கதவைப் பெயர்க்கும் ஆளும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது 99ஆம் பிரிவு. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே எழாது. எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். ஓடுகிறவனைத் துரத்திச் சுடுவது தற்காப்பில் சேராது என்று 1962இல் ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊர் கூடி அடிக்கும் வழக்கத்துக்கு இச்சட்டத்தில் ஒரு வரிகூட ஆதரவில்லை. பிடிபட்ட கணத்திலேயே ஆபத்து நீங்கிவிடுகிறது. அதன்பின் விழும் ஒவ்வோர் அடியும் குற்றம்.

வீட்டில் ஆள் இல்லாதபோது பொறியை வைத்துக் காப்பது இன்னொரு சிக்கல். இங்கிலாந்தில் தோட்டங்களில் கம்பியைத் தொட்டால் வெடிக்கும் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். வழிதவறிய பெட்டை மயிலைப் பிடித்துக் கொடுக்கச் சுவரேறிக் குதித்த இளைஞன் ஒருவன் டியூலிப் தோட்டத்தில் சுடப்பட்டான். எச்சரிக்கைப் பலகை வைக்காத உரிமையாளர்தான் பொறுப்பு என்று 1828இல் தீர்ப்பானது. அதற்கு முந்தைய ஆண்டே நாடாளுமன்றம் இத்தகைய பொறிகளைப் பெரும்பாலும் தடைசெய்திருந்தது.

நம் நாட்டில் இதே கேள்வி செரூபின் கிரகோரி வழக்கில் வந்தது. பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் ஒரு பெண்ணின் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டது. மறைவு இல்லாமல் போகவே, அவரும் மற்றவர்களும் பக்கத்து வீட்டுக்காரரின் கழிப்பறைக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த வீட்டுக்காரர் கழிப்பறைக்குப் போகும் வழியில் உறையில்லாத செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். கம்பியில் மின்சாரம் இருப்பதாக எச்சரிக்கை எதுவும் இல்லை. அந்தப் பெண் அதைத் தொட்டு இறந்தார். அவர் அத்துமீறி நுழைந்தவர், என் சொத்தை நான் காத்தேன் என்ற வாதத்தை 1964ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறியவர் என்பதற்காக ஒருவரை நேரடியாகத் தாக்க முடியாது என்றால், மறைமுகமாகவும் தாக்க முடியாது. இந்திய தற்காப்புச் சட்டத்தில் மிக மனிதத்தன்மை வாய்ந்த தீர்ப்புகளில் இது ஒன்று. காட்டுப்பன்றிக்காகத் திருட்டு மின்சாரத்தில் வேலி போடுவோர் அறிய வேண்டியதும் இதுவே.

எதிர்ப்புறத்தில், உண்மையான ஆபத்தில் சிக்கியவரிடம் நீதிமன்றங்கள் கருணையோடு நடந்திருக்கின்றன. 1950 மார்ச்சில் கட்னி நகரில் வகுப்புக் கலவரம் வெடித்தது. அம்ஜத் கான் என்பவரின் கடை இருந்த கட்டடத்தின் ஒரு பகுதியைக் கும்பல் உடைத்துச் சூறையாடியது. குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் உயிருக்கு அஞ்சி அவரிடம் ஓடிவந்தார்கள். அடுத்து அவருடைய கதவிலேயே லத்திகள் விழுந்தன. அவர் சுட்டதில் ஒருவர் இறந்தார். கதவு உடைந்து கும்பல் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை, இத்தகைய நெருக்கடியில் ஒருவர் செய்ததைப் பொற்கொல்லரின் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்ற பார்வையோடு 1952இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்படித் தீர்ப்பெழுதியவர் நீதிபதி விவியன் போஸ்.

வீடு யாருடையது என்பதைவிட, அதில் நிலையாகக் குடியிருப்பவர் யார் என்பதையே சட்டம் பார்க்கிறது. 1967இல் முன்ஷிராம் வழக்கும் 1975இல் பூரண் சிங் வழக்கும் இதை நிலைநாட்டின. உரிமையாளரே ஆனாலும், குடியிருப்பவரைச் சட்டப்படி வெளியேற்றாமல் ஆள் திரட்டி வந்தால் அவரே அத்துமீறியவர்.

தற்காப்பு என்று சொல்பவரே அதைக் காட்ட வேண்டும். ஆனால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். நல்லெண்ணத்தில், முன்திட்டமின்றி எல்லை மீறியவர்மீது கொலைக்குற்றம் சாராது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற சிறிய குற்றமாகக் குறையும். 2012இல் மதுரையில், மகளிடம் பாலியல் வன்முறையில் இறங்கிய கணவனை அடித்துக் கொன்ற பெண்ணைக் காவல்துறையே, உடலைக் காக்கக் கொல்லவும் இடம் தந்த 100ஆம் பிரிவின்படி விடுவித்தது. இப்படி வழக்கு நீதிமன்றம் போகுமுன்பே முடிவது அரிது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே, அரிவாளோடு வந்த முகமூடித் திருடர் இருவரைச் செருப்பாலும் பிளாஸ்டிக் நாற்காலிகளாலும் அடித்து விரட்டிய முதிய தம்பதிக்குத் தமிழ்நாடு அரசு துணிவுக்கான விருது தந்தது.

புதிய சன்ஹிதாவில் 103ஆம் பிரிவு 41 ஆகியிருக்கிறது. இரவு என்ற இடத்தில் சூரியன் மறைந்தபின், உதிக்குமுன் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய சட்டமும் வேறொரு பிரிவில் இரவை அப்படித்தான் வரையறுத்திருந்தது. தீயோடு வெடிபொருளும் சேர்ந்திருக்கிறது. மற்றபடி மெக்காலே போட்ட எல்லைக்கோடு அப்படியே நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கு வீட்டை உடைப்பவனைக் கொன்றவர், மரணத்துக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். இரவு எட்டு மணிக்கு உடைப்பவன் விஷயத்தில் அந்தக் காரணத்தைத் தனியே காட்டத் தேவையில்லை.