இசைஞானி என்னும் திருப்பெயர்

திருத்தொண்டர் அறுபத்துமூவருள் மகளிர் மூவர். அவருள் காரைக்காலம்மையாரின் இயற்பெயராகிய புனிதவதி என்பதையும், மங்கையர்க்கரசி என்பதையும் பெண்மகவுக்கு இடுவார் உளர். இசைஞானி என்று இடுவாரோ மிகச் சிலர்.

வெள்ளிமலை என்னுமளவிற் சைவர் நெஞ்சிற் கயிலை தோன்றும். அப்பெயருடைய ஊர் கல்வராயன் மலைமேல் உளது. 2019-இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேல்பால் அம்மலையும், கீழ்பால் திருநாவலூரும் உள்ளன. வெள்ளானைமீது கயிலை சென்ற நம்பியாரூரர் அவதரித்த பதி அந்நாவலூரே. அவரை ஈன்றவர் சடையனார் தேவியாராகிய இசைஞானியார். தந்தை, தாய், மகன் மூவரும் நாயன்மாராதல் இக்குடிக்கே உரிய சிறப்பு.

சேக்கிழார் பெருமான் அம்மையார்க்கு வகுத்தது ஒரு செய்யுளே. எனினும் மகனார் திருத்தொண்டத்தொகையின் இறுதியில் அன்னையார் பெயரைச் சொல்லித் தம்மை இன்னாரென உணர்த்தினமையின், அப்பெயர் இன்றளவும் நிலைபெற்றது.

இக்காலத்து இச்சொல் இசையமைப்பாளர் இளையராஜாவின் பட்டமாகப் பரவியுள்ளது. அதனால் இதனை ஆண்பாற்கே உரியதெனக் கொள்ளற்க. இகர ஈற்று இச்சொல் இருபாற்கும் பொதுவாம்.

இனி, ஒலிக்குமாறு கூறுவாம். மொழியிடை நின்ற ஐகாரம் ஒரு மாத்திரையாய்க் குறுகுமாதலின், ‘சை’ என்பதனை நீட்டுதல் வேண்டா. நடுநா நடுவண்ணத்தைப் பொருந்தப் பிறப்பது ஞகரம். அதனை நகரமாக்கி ‘இசைநானி’ என்பதும், ஆங்கிலத்தில் ‘ஜி’, ‘என்’ என எழுதும் வழக்கால் ககரம் கூட்டி ‘இசைக்ஞானி’ என்பதும் வழுவாம்.

மகனார் நாவால் நிலைபெற்ற பெயர் நம் நாவாற் சிதைதல் தகுமோ? பெண்மகவு பெற்றோர் இத்திருப்பெயரை இட்டுப் பிழையற அழைப்பாராக.

சிவம்.