காருக்கு அடியில் வேலை: வீட்டுப் பாதுகாப்பு

ஆயில் மாற்றுவது, கசிவு எங்கே என்று பார்ப்பது, தளர்ந்த சைலன்சர் பிடிப்பை இறுக்குவது போன்ற வேலைகளுக்காகக் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, வீட்டிலேயே அதன் அடியில் படுத்து வேலை பார்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. அடிப்படை விதி ஒன்றுதான்: தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஸ்டாண்ட் போடாத காருக்கு அடியில் தலையோ மார்போ மட்டுமல்ல, கைகூடப் போகக் கூடாது.

இடச்சூழல்

சென்னையின் மேற்குப் புறநகர் வாகனத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. அதை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் ஆலைகள் 1960களில் எழுந்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்குகள் உருவாயின. அதனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தெருக்களில் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் நிறைய உண்டு. சிறு பழுதுக்கெல்லாம் மெக்கானிக்கைத் தேடாமல் விடுமுறை நாளில் தாமே பார்த்துக்கொள்பவர்களும் உண்டு.

பணியிடத்தில் இவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பாரம் தூக்கும் ஒவ்வொரு கருவியையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், அது தாங்கும் எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டம், 1948, தன் 29ஆம் பிரிவில் விதித்தது. வீட்டு போர்டிகோவில் அப்படிச் சோதிக்க யாரும் வருவதில்லை. ஆலையில் கைக்கொள்ளும் ஒழுங்கை வீட்டிலும் தானே கைக்கொள்வது ஒன்றே அங்கு காப்பு.

தரையும் இங்கு கவனிக்கத்தக்கது. மழைநீர் புகாதிருக்க வீடுகளின் தளம் உயர்த்தப்பட்டிருப்பதால் வாசலில் சாய்தளம் இருக்கும். அதன்மேல் காரைத் தூக்கவே கூடாது. தெருவின் பேவர் கற்கள் சில இடங்களில் அமுங்கியும் சில இடங்களில் எழும்பியும் கிடக்கும். மழை ஊறிய மண்ணில் ஜாக்கியின் சிறிய அடித்தட்டு மெல்லப் புதைந்து சாயும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கத் தோன்றும் நாளில்தான் தரை மிகவும் இளகியிருக்கும்.

கார் ஏன் விழுகிறது

சிறிய கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 750 முதல் 1,000 கிலோ. முன்சக்கர இயக்கமுள்ள காரில் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கத்தில் இறங்குகிறது. 900 கிலோ காரின் ஒரு முன்சக்கரம் மட்டும் சுமார் 270 கிலோ சுமக்கிறது என்று பொருள். அந்த எடை மார்பின்மேல் இறங்கினால் எலும்பு முறியாவிட்டாலும் விலா விரிய முடியாது, மூச்சை இழுக்க முடியாது. சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும்.

காருடன் வரும் கத்தரி ஜாக்கி, பங்க்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் அடித்தட்டு சிறியது; கார் சற்றே முன்பின் நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்துவிடும். பாட்டில் ஜாக்கியும் டிராலி ஜாக்கியும் எண்ணெயின் அழுத்தத்தால் தூக்குபவை. உள்ளிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் கார் மெதுவாக இறங்கும், கிழிந்தால் ஒரேயடியாக இறங்கும். டிராலி ஜாக்கியின் தலை நேர்மேலே போகாமல் வில்போல வளைந்து ஏறுவதால், ஏறும்போது ஜாக்கியே சற்று உருண்டு காருக்கு அடியில் நகர வேண்டும். அதன் சக்கரம் பேவர் கல்லின் இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக்கிக்குப் பதில் கார் இழுபடும், அல்லது தலை வழுக்கும்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றிய நம்பிக்கையும் பலருக்குத் தவறானது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் அதனால் பயனில்லை. கியரில் போட்டு நிறுத்துவது இயங்கு சக்கரங்களை மட்டும் பிடிக்கும். அவற்றில் ஒன்று தரையை விட்டு எழும்பினாலே டிஃபரென்ஷியல் வழியாக மற்றது சுழல இடம் கிடைத்துவிடும். ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது கட்டாயம்.

தாங்கும் கருவிகள்

பல் அல்லது முள் பூட்டுடன் கூடிய இரும்பு ஸ்டாண்டுகள் ஜோடியாக வேண்டும். அவற்றின்மேல் குறித்துள்ள டன் அளவு ஒவ்வொன்றுக்குமா, ஜோடிக்கா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கினாலும் புதுப்பேட்டையில் பழையது வாங்கினாலும், தாங்கும் எடை குறிக்காத, வெல்டிங் பிளந்த, கால் வளைந்த ஸ்டாண்டை எடுக்கக் கூடாது.

ஹாலோ பிளாக் கல், செங்கல், பேவர் கல் ஆகியவற்றைக் காருக்கு முட்டுக்கொடுக்கவே கூடாது. சுவர் கட்டும்போது ஹாலோ பிளாக்கின் பாரம் அதன் முழுப் பரப்பிலும் பரவுகிறது. காரின் விளிம்போ ஒரே கோட்டில் அழுத்துகிறது. இரும்பு பெரும்பாலும் வளைந்து காட்டிவிட்டுத்தான் ஒடியும். சிமெண்ட் கல் எந்த முன்னறிவிப்புமின்றி ஒரு நொடியில் நொறுங்கும்.

ஸ்டாண்டும் தவறலாம். 2020இல் அமெரிக்காவில் ஒரு கருவிக்கடைத் தொடர் விற்ற ஸ்டாண்டுகளின் பல்பூட்டு பாரத்தில் நழுவக்கூடும் என்று கண்டு, லட்சக்கணக்கில் அவற்றைத் திரும்பப் பெற்றனர். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ காரின் பக்கச்சட்டத்துக்கு அடியில் படுக்கவைப்பது மெக்கானிக்குகளின் நெடுநாள் வழக்கம். ஸ்டாண்ட் கைவிட்டாலும் உடல் நசுங்காமல் இடைவெளி மிஞ்சும்.

செய்முறை

1. சமமான, கெட்டியான சிமெண்ட் தரையில் காரை நிறுத்தவும். எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விடவும். ஆட்டோமேட்டிக் ஆனால் 'பி'யில் வைக்கவும். சாவி வேலை செய்பவரின் பையில் இருக்கட்டும்.
2. தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும்.
3. சக்கரம் கழற்றுவதானால், கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தவும்.
4. உரிமையாளர் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி கொடுக்கவும். ஆயில் தொட்டியிலும் தரைத் தகட்டிலும் கொடுத்தால் உள்ளே அமுங்கும்.
5. ஸ்டாண்டுகளை வலுவான இடங்களின் கீழ் வைத்து, இருபக்கமும் ஒரே உயரத்தில் பூட்டவும். நெம்புகோலை அழுத்திப் பார்த்து, பல் முழுதும் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலும் உறுதிசெய்யவும்.
6. ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரம் ஸ்டாண்டுகளுக்கு மாறியதும் ஜாக்கியைச் சற்றே தொட்டபடி துணைக்கு விட்டுவைக்கவும்.
7. வெளியே நின்று காரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கவும். ஒரு ஸ்டாண்டின் கால் தரையைவிட்டு எழும்பினாலும், ஏதாவது கிரீச்சிட்டாலும், இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கவும்.

இறுகிப்போன நட்டை அடியில் படுத்துக்கொண்டு முழுப் பலத்தோடு இழுப்பது காரையே அசைக்கும். தெருவில் பந்தாடும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னொரு பெரியவர் குரல் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்; தனியாக இருக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம்.

பிற ஆபத்துகள்

காரைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டக் கூடாது. மூடிய ஷெட்டில் புகையின் கார்பன் மோனாக்சைடு மணமின்றியே மயக்கும். வயர் இழுத்த 230 வோல்ட் பல்பு ஈரத் தரையில் ஷாக் அடிக்கும், பெட்ரோல் கசிவில் தீப்பிடிக்கும். பேட்டரி டார்ச் போதும். துருவும் மண்ணும் கண்ணில் விழாதபடி கண்ணாடி அணிய வேண்டும். மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடக் கூடாது. தரைக்கடியில் உள்ள பேட்டரிப் பெட்டியில் ஜாக்கி கொடுக்கக் கூடாது.

கார் விழுந்துவிட்டால்

கூவி ஆள் சேர்த்துக்கொண்டே ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இச்சேவை 2008 முதல் இயங்குகிறது. தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101இல் அழைக்கலாம். காரை ஓட்டியோ உருட்டியோ நகர்த்தக் கூடாது. ஜாக்கியைக் கெட்டித் தரையில் வைத்துத் தூக்கி, எழும்ப எழும்பக் கட்டையோ ஸ்டெப்னியோ செருகி, பிறகே ஆளை வெளியே இழுக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவசியம். உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யத் தகாதவை

கியர்பாக்ஸ், கிளட்ச், சஸ்பென்ஷன் சுருள், பெட்ரோல் டாங்க் ஆகியவற்றைக் கழற்றுவது போர்டிகோவுக்கான வேலை அல்ல. ஸ்டாண்ட் ஜோடி கையில் இல்லாதபோது ஆயில் மாற்றுவதும் அப்படியே. இந்தப் புறநகரில் லிஃப்ட் வைத்த வாட்டர் சர்வீஸ் கடைகளும், பள்ளம் வெட்டிய ஒர்க்ஷாப்புகளும் உண்டு. நின்றபடியே காரின் அடியைப் பார்க்க வசதியான இடங்கள் அவை. அங்கே தரும் கூலி ஓர் உயிருக்கு முன் ஒன்றுமே இல்லை.